பிடிக்காத பிரேக்



மழையில் சைக்கிளில் மலை ஏறுவது கடினமா, இறங்குவது கடினமா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஏறுவதுதான் என்பீர்கள். எனக்கு 21 வயது ஆகும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சென்ற பள்ளி விடுமுறையில் தம்பியைப் பார்க்கச் சிங்கப்பூர் போயிருந்தேன். திரும்பும் நாளில் இருவரும் தேக்காவில் பசியாறிவிட்டு, ஜொகூர் பாரு பஸ் பிடிக்கக் குவீன் ஸ்திரீட்டுக்கு நடந்தோம். நல்ல மழை. பஸ் நிலையத்தில் ஒதுங்கி நின்றபோது, வாத்தியார் புத்தி, தம்பிக்கு ஒரு சரித்திரம் சொன்னேன்.

ராம்நாத் பிஸ்வாஸ் என்ற வங்காளி 1931 ஜூலை 7ஆம் தேதி இதே குவீன் ஸ்திரீட்டிலிருந்துதான் சைக்கிளில் உலகம் சுற்றப் புறப்பட்டார். அவரிடம் இருந்தவை இரண்டு போர்வை, ஒரு ஜோடி செருப்பு, சைக்கிள் பழுதுபார்க்கும் சாமான்கள். மலாயா, சயாம், இந்தோசீனா, சீனா, கொரியா, ஜப்பான் என்று போனார். 1934இல் மறுபடி கிளம்பி ஆப்கானிஸ்தான் வழியாக இங்கிலாந்து வரை போனார். முப்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதி, 1955இல் காலமானார்.

தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு, "அவரும் மழையில மலை எறங்கியிருப்பாரு இல்லண்ணே?" என்றான். அவன் கை தானாக வலது தோளைத் தடவியது. எனக்குப் பேச்சு வரவில்லை.

அப்போது நான் ஆசிரியர் பயிற்சியின் கடைசி வருடம். தம்பிக்கு 15 வயது. பெந்தோங் பக்கம் எங்கள் தோட்டத்திலிருந்து கோம்பாக்கில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் பழைய ரோட்டில் சைக்கிளில் புறப்பட்டோம். நடுவில் கெந்திங் செம்பா. மலாயில் கெந்திங் என்றாலே கணவாய்தான். சுமார் 2,000 அடி உயரம். பாதி ஏற்றத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. மிதிக்க முடியாத இடங்களில் தள்ளிக்கொண்டு போனோம். ஏறும்போது உடம்பு சூடாக இருந்ததால் மழை உறைக்கவில்லை.

உச்சியில் ஒரே பனிமூட்டம். வியர்வையும் மழையும் சேர்ந்து நனைந்த சட்டையோடு இறங்கத் தொடங்கியதும் குளிர் எலும்பைப் பிடித்தது. விரல்கள் மரத்துப் போயின. எங்கள் சைக்கிள்களில் பிரேக் ரப்பர் சக்கர வளையத்தைப் பிடிக்கும் வகை. வளையம் நனைந்துவிட்டால் ரப்பருக்கும் அதற்கும் நடுவே தண்ணீர் நின்றுவிடும். சக்கரம் பல சுற்றுச் சுற்றி அந்தத் தண்ணீரை வழித்த பிறகுதான் பிடி கிடைக்கும். ஆகவே மழையில் வளைவு வருவதற்கு வெகு முன்பே, லேசாக, விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

"அண்ணே, பிரேக் பிடிக்கல. எறங்கித் தள்ளிக்கிட்டுப் போவோம்" என்றான் தம்பி.

"பயந்தாங்கொள்ளி! இருட்டுறதுக்குள்ள போகணும், வா" என்றேன்.

மூன்றாவது வளைவில், மண்ணும் சருகும் அடித்து வந்து கிடந்த இடத்தில், பின்னால் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். சைக்கிள் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். காறை எலும்பு முறிந்திருந்தது. அந்த வழியே வந்த லாரிக்காரர் ஒருவர்தான் எங்களை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அன்பர்களே, இதுவரை சொன்னது விபத்து. இனிச் சொல்வது என் குற்றம். அம்மா அழுதுகொண்டே, "எப்படிடா விழுந்தான்?" என்று கேட்டபோது, "மெதுவா வாடான்னு சொன்னேன், கேக்காம வேகமா வந்தான்" என்றேன். தம்பி கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அம்மா அவன் சைக்கிளை விற்றுவிட்டார். அன்று முதல் அவன் வீட்டில் 'சொன்ன பேச்சுக் கேக்காதவன்'. நான் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும் வாத்தியார்.

அந்தப் பஸ் நிலையத்தில்தான் முதல் தடவையாகக் கேட்டேன்: "அன்னிக்கு ஏன்டா சும்மா இருந்தே?"

"நீங்க வாத்தியாராகப் போறீங்க. அம்மா அதையே தோட்டம் பூரா சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அதுல மண்ணு விழ வேணாம்னுதான்" என்றான். பஸ் வந்துவிட்டது.

பஸ் புக்கிட் தீமா அடிவாரத்தைக் கடந்து போயிற்று. சிங்கப்பூரிலேயே உயரமான அந்தக் குன்று வெறும் 163 மீட்டர்தான். எனக்கோ பஸ் கண்ணாடியில் வழிந்த மழையில் கெந்திங் செம்பாதான் தெரிந்தது.

மறுநாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, "அந்தச் சைக்கிள முப்பது வெள்ளிக்கு வித்தேன். அவன் எவ்வளவு அழுதான் தெரியுமா?" என்றார். அவ்வளவுதான். அன்று மாலை தாமே போன் எடுக்கச் சொல்லித் தம்பியிடம் பேசினார். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

உங்கள் வீட்டில் வயதில் சிறியவர் யாராவது "பிரேக் பிடிக்கவில்லை" என்று சொன்னால், தயவுசெய்து இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். இருட்டினால் இருட்டட்டும்.