கையெழுத்திட்ட பெருமிதம்

1967 ஜூன்

புனேவை அடுத்த கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் அருண் கேத்தர்பால் சேர்ந்த மாதம் இது. 1950 அக்டோபர் 14இல் பிறந்தவர். பதினேழு நிறைய இன்னும் நான்கு மாதம் இருந்தது. படித்தது சனாவர் லாரன்ஸ் பள்ளியில். தந்தை எம். எல். கேத்தர்பால் ராணுவப் பொறியாளர் பிரிவில் அதிகாரி. தாத்தா முதல் உலகப் போர்க் காலத்தில் படையில் இருந்தவர். கொள்ளுத்தாத்தா சீக்கியரின் கால்சா படையில் நின்று ஆங்கிலேயரை எதிர்த்தவர். இப்படிப்பட்ட வீட்டில் பையன் படைக்குப் போவது பெரிய செய்தி அல்ல என்று தோன்றலாம். ஆனால் போர் எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போகும் என்று தெரிந்த வீடு கொடுக்கும் சம்மதத்துக்கு எடை அதிகம்.

அந்தச் சம்மதத்தை அரசு இன்று எழுத்தில் வாங்குகிறது. அகாடமியில் சேர்வதற்கான தேர்வை நடத்துவது தில்லி ஷாஜகான் சாலையில், தோல்பூர் மாளிகையில் இயங்கும் மத்தியப் பணியாளர் தேர்வாணையம். சேரும்போது வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் இடையில் இருக்க வேண்டும். எழுத்துத் தேர்வு, ஐந்து நாள் நேர்முகத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை எல்லாவற்றையும் பிள்ளை தாண்டிய பிறகு பெற்றோரின் முறை வருகிறது. பயிற்சியின்போது காயமோ அதைவிடப் பெரியதோ நேர்ந்தால் இழப்பீடு கோர உரிமையில்லை என்று அறிந்தே அனுப்புவதாக ஒரு சான்றிதழில் அவர்கள் கையெழுத்திட வேண்டும். பிள்ளை தானாக விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தருவதாக ஒரு பத்திரமும் உண்டு. பெற்றோரின் பெருமிதத்தை அணிவகுப்பு மைதானத்தில் தேடுகிறவர்கள் இந்தக் காகிதங்களையும் ஒருமுறை படிக்க வேண்டும். அச்சத்தை மறைக்காமல் முன்னால் வைத்துக்கொண்டு ‘சரி’ என்று சொல்லும் இடம் இதுதான். சேரும் வயது பதினாறரையில் தொடங்கினாலும், பதினெட்டு நிறைவதற்கு முன் யாரையும் களத்துக்கு அனுப்புவதில்லை என்பது, குழந்தைகளும் போரும் பற்றிய ஐ.நா. நெறிமுறையை 2005இல் ஏற்றபோது இந்தியா கொடுத்த உறுதி.

1971 ஜூன் 13

அகாடமியில் மூன்றாண்டு, டேராடூன் ராணுவ அகாடமியில் ஓராண்டு. பயிற்சி முடிந்து செகண்ட் லெப்டினன்டாக 17 பூனா ஹார்ஸ் டாங்கிப் படையில் அருண் சேர்ந்தார். டேராடூனில் அணிவகுப்பு முடிந்ததும் புது அதிகாரியின் தோளில் நட்சத்திரங்களைப் பெற்றோரே சூட்டுவது இன்றைய வழக்கம். பள்ளிச் சீருடையில் பார்த்த தோள்களில் தாயும் தந்தையும் அந்தப் பித்தளை நட்சத்திரங்களைப் பொருத்துகிறார்கள். உணர்ச்சியைக் காட்டிப் பழகாத தகப்பன்மார் பலர் அங்கே கலங்கிவிடுவார்கள்.

1971 டிசம்பர்த் தொடக்கம்

இளம் அதிகாரிகளுக்கான பயிற்சிக்காக அகமத்நகர் போயிருந்த அருணைப் பாகிஸ்தானுடனான போர் மேகம் திரும்ப அழைத்தது. படைப்பிரிவுக்குப் போகும் வழியில் தில்லி வீட்டில் இறங்கினார். கோல்ஃப் மட்டைகளையும் விருந்துக்கு உடுத்தும் நீலச் சீருடையையும் அவர் எடுத்து வைத்துக்கொண்டதைக் குடும்பத்தார் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். லாகூரில் ஆட வேண்டும், வெற்றி விருந்துக்கு உடை வேண்டும் என்பது இருபத்தொரு வயதின் கணக்கு. தாத்தாவும் தந்தையும் போரிட்டதைத் தாய் மகேஸ்வரி நினைவூட்டி, சிங்கத்தைப் போலப் போரிட்டு வா என்று வழியனுப்பினார். தமிழ் வாசகருக்கு இங்கே ஒக்கூர் மாசாத்தியாரின் புறநானூற்றுப் பாட்டு நினைவுக்கு வராமல் போகாது. தந்தையையும் கணவனையும் களத்தில் கொடுத்தவள் ஒரே மகனையும் தலைவாரி வேல் கொடுத்து அனுப்புவதை அந்தப் பெண்பாற் புலவர் வியப்போடும் அதிர்ச்சியோடும் பாடியிருக்கிறார். அந்த அதிர்ச்சியை விட்டுவிட்டு வியப்பை மட்டும் எடுத்துக்கொள்வது அந்தத் தாய்க்கும் நியாயமாகாது, மகேஸ்வரிக்கும் நியாயமாகாது.

1971 டிசம்பர் 16

டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த அதே நாள். மேற்கே ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றங்கரை ஜர்பாலில், பாகிஸ்தானின் 13 லான்சர்ஸ் டாங்கிகள் எதிர்த்தாக்குதலில் இறங்கின. இந்தியத் தரப்பில் மிகச் சில டாங்கிகளே எதிரே நின்றன. அருணின் டாங்கிக்கு ‘ஃபமகுஸ்தா’ என்று பெயர். குண்டுபட்டு அது தீப்பிடித்தபோது, விட்டுவிட்டு வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தது. பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்று வானொலியில் பதில் சொல்லி அவர் அங்கேயே நின்றார். விருதுப் பத்திரத்தின்படி அந்தச் சண்டையில் பத்து எதிரி டாங்கிகள் வீழ்ந்தன. அவற்றில் நான்கு அருண் தாமே அழித்தவை. அடுத்த குண்டு அவர் உயிரைக் குடித்தது.

மறுநாள் இரவு போர் நின்றது. பிள்ளை வரப்போகிறான் என்று காத்திருந்த தில்லி வீட்டுக்குச் சில நாள் கழித்துத் தந்தி வந்தது. நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால விருதான பரம்வீர் சக்ரம் அருணுக்கு அறிவிக்கப்பட்டது. அதுவரை அதைப் பெற்றவர்களில் அவரே இளையவர். 1999 கார்கில் போருக்காகப் பத்தொன்பது வயது யோகேந்திர சிங் யாதவ் பெறும்வரை அந்த நிலை மாறவில்லை. பதக்கம் ஒரு வீட்டின் வெறுமையை நிரப்பும் என்று அந்தக் குடும்பத்தைப் பார்த்த எவரும் சொல்லமாட்டார்கள்.

2001

அருணின் தந்தை, எண்பத்தொரு வயது பிரிகேடியர் கேத்தர்பால், பிரிவினையில் விட்டுவந்த சொந்த ஊரான சர்கோதாவைப் பார்க்கப் பாகிஸ்தான் போனார். லாகூரில் விருந்தோம்பியவர் பாகிஸ்தான் ராணுவத்தின் ஓய்வுபெற்ற பிரிகேடியர் குவாஜா முகம்மது நாசர். குறையில்லாத உபசரிப்பு. புறப்படுவதற்கு முன் நாசர் தம் மனத்திலிருந்ததைச் சொன்னார். அருணின் கடைசிச் சண்டையில் எதிரே இருந்த டாங்கி அதிகாரி அவர்தாம். அந்தக் கடைசிக் குண்டும் அவருடையது. அருணின் துணிவைக் கண்டு தலைவணங்குவதாகவும் சொன்னார். ஒரு தந்தை கேட்கக்கூடிய மிகக் கொடிய செய்தியும் மிக உயர்ந்த பாராட்டும் ஒரே வாயிலிருந்து வந்தன. கேத்தர்பால் கோபப்படவில்லை. தாமும் சிப்பாய் என்பதால், எதிரே இருந்தவரும் தன் கடமையைச் செய்தார் என்பதை அவரால் ஏற்க முடிந்தது. முப்பது ஆண்டுத் துயரத்தைச் சுமந்த பிறகும் வெறுப்பு இல்லாமல் நிற்கும் அந்தப் பெருமிதத்துக்கு இணையாக வேறொன்றைச் சொல்வது கடினம்.

2019 பிப்ரவரி 25

இந்தியா கேட் அருகே தேசியப் போர் நினைவகம் திறக்கப்பட்டது. 1947க்குப் பின் உயிர் கொடுத்த 25,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்கே கருங்கல்லில் இருக்கின்றன. பரம்வீர் சக்ரம் பெற்ற 21 பேரின் வெண்கல மார்பளவுச் சிலைகளில் அருணுடையதும் ஒன்று.

2025 மே 30

கடக்வாஸ்லாவில் 17 பெண் கேடட்கள் முதன்முதலாக ஆண்களோடு தேர்ச்சி பெற்று வெளியேறினார்கள். பெண்கள் அந்தத் தேர்வை எழுதலாம் என்று தில்லியில் உச்ச நீதிமன்றம் 2021 ஆகஸ்ட்டில் இட்ட இடைக்கால ஆணை திறந்த வழி அது. பார்வையாளர் வரிசையில் இப்போது மகளை அனுப்பிய பெற்றோரும் இருந்தார்கள். அதே விதிகளை ஏற்றுத்தான் அவர்களும் பிள்ளையை அனுப்பினார்கள். தோளில் நட்சத்திரம் ஏறுவதற்கு முன் அந்த மகள்களுக்கு இன்னும் ஒரு கட்டப் பயிற்சி பாக்கி இருந்தது.