நல்ல கண்ணுக்கு லீவு!

கொங்குச் சீமையில் குழந்தைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். எல்லாம் 'கண்ணு'தான்! கோவை அவினாசி ரோட்டில், 1997 முதல் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் பக்கத்து பஸ் ஸ்டாப்பில் அப்படியொரு 'கண்ணு'வைப் பார்த்தேன். மூன்று வயது அம்மணி. ஒரு கண்ணில் பிளாஸ்திரி.

"அந்தக் கண்ணுலதான் ஆபரேஷனுங்களா?"

"இல்லீங், அது நல்ல கண்ணுங்" என்றார் பாட்டி.

நல்ல கண்ணுக்கு எதற்குக் கட்டு?

பாட்டியின் வெற்றிலைச் சுண்ணாம்பு பாக்கெட்டைப் பிள்ளை அமுக்க, கண்ணில் பீய்ச்சியடித்துக் கருவிழி வெளுத்துவிட்டது. பிறகு, யாரோ தானம் தந்த கருவிழியைத் தைத்திருக்கிறார்கள். நல்ல கண்ணே எல்லா வேலையும் பார்த்தால் இது சோம்பேறியாகிவிடும். அதனால் தினம் சில மணி நேரம் அதற்கு லீவு! மூளை பார்க்கப் பழகுவது ஏழெட்டு வயதுவரைதான்.

1905-ல் டாக்டர் எடுவார்ட் சிர்ம் செய்த, வெற்றிபெற்ற முதல் கருவிழி மாற்று ஆபரேஷனும் சுண்ணாம்பில் வெந்த கண்ணுக்குத்தான். கருவிழி தந்தது 11 வயதுப் பையன்!

பெரியவர்களுக்கு மாதக்கணக்கில் நிற்கும் தையல் கைக்குழந்தைக்குச் சில வாரத்திலேயே தளரும். பிரிக்கவும் மயக்க மருந்து வேண்டும். கண் சிவந்தால் அன்றே டாக்டரிடம் ஓட வேண்டும். ஆபரேஷன் ஒரு நாள். மிச்சமெல்லாம் வீட்டில், வருஷக்கணக்கில்.

சுண்ணாம்பு பட்டால் முதலில் அரை மணி நேரம் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். கை வைத்தியம் வேண்டாம்.

"வெத்தலையவே உட்டுட்டனுங் சாமி" என்றார் பாட்டி, தலை நிமிராமல்.

"அம்முச்சி, பஸ்ஸு!"

கண்ணாடி போட்ட எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.