பெட்ரோல் வாசம்

உங்கள் வீட்டில் பழைய கார் இருந்தால், அதன் குறையையெல்லாம் குணம் என்று நினைத்துக்கொள்ளும் வியாதி உங்களுக்கும் இருக்கும். எனக்கு இருந்தது.

எங்கள் அம்பாசிடர், அப்பா வாங்கியது. 2014-ல் அந்தக் காரின் உற்பத்தியே நின்றுபோக, அதன் மேல் பாசம் இன்னும் கூடிவிட்டது. ஒத்தக்கடை வீட்டு ஷெட்டில் நிற்கும். டேங்க் நிரப்பிய அன்றெல்லாம் பெட்ரோல் வாசம் தூக்கும். "தலை வலிக்குதுடா" என்பார் அம்மா. "பழைய வண்டின்னா அப்பிடித்தாம்மா" என்பேன்.

கார்த்திகை தீபத்தன்று எங்கள் வீட்டில் காருக்கும் ஒரு அகல் விளக்கு உண்டு. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், தரையில் வைப்பார் அம்மா. சென்ற தீபத்தன்று காலையில்தான் டேங்க் நிரப்பியிருந்தேன். விளக்கோடு போனவர் வெளியிலேயே நின்று, "வாசம் குமட்டுது, இன்னிக்கு வேணாம்" என்று திரும்பிவிட்டார்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு தரையாகப் படிந்து கிடக்கும். இது பிற்பாடு தெரிந்தபோது எனக்குக் கை நடுங்கியது.

மறுநாளே சிம்மக்கல்லிலிருந்து மெக்கானிக் அண்ணனை வரவழைத்தேன். முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார். வண்டியை வெட்டவெளிக்குத் தள்ளி, பெட்ரோலை கேனில் வடித்து, டேங்கை இறக்கினார். டேங்கில் ஒரு வட்டத் தகடு. அதிலிருந்து உள்ளே ஒரு மிதவை. பெட்ரோல் குறையக் குறைய மிதவை இறங்கும். டேஷ்போர்டு முள்ளும் இறங்கும். தகட்டுக்கு அடியில் இருந்த ரப்பர் கேஸ்கட் ஊறி, உப்பி, ஓரம் கிழிந்து கிடந்தது.

"போன வருசம் நான்தானே மாத்துனேன்? செல்லாக் தடவித்தானே போட்டேன்!" என்று தலையைச் சொறிந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "வண்டி மாறல தம்பி. பெட்ரோல் மாறிருச்சு."

உண்மைதான். 2003-ல் 5 சதவீதத்தில் தொடங்கிய எத்தனால் கலப்பு, 2025-ல் 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. எத்தனால் என்பது ஆல்கஹால். பழைய ரக ரப்பரை அது உப்ப வைத்துவிடும். செல்லாக் என்பது அரக்கு. நாற்காலிக்கு பாலீஷ் போடுகிறவர்கள் அதை ஸ்பிரிட்டில்தானே கரைக்கிறார்கள்? காவலுக்குப் பூசியதை பெட்ரோலே கரைத்துவிட்டது!

எத்தனாலைத் தாங்கும் வைட்டான் ரப்பர் தேடி வாங்கி வந்தேன். அண்ணன் அதை அளவாக வெட்டி, தகட்டைச் சுத்தமாகத் துடைத்துப் பொருத்தினார். திருகுகளை ஒரே பக்கமாக முறுக்காமல், எதிரெதிராக, "பைய... பைய..." என்றபடி கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். டேங்க் நிறைய ஊற்றி, அடியில் பேப்பர் விரித்து, ராத்திரி முழுக்க வெளியிலேயே நிறுத்தினோம். காலையில் பேப்பர் காய்ந்தபடி இருந்தது.

கூலி கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றார். "என் வேலை தப்பாப் போச்சுல்ல?" தவறு அவருடையது மட்டுமா? மாதக்கணக்கில் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தது நான். வற்புறுத்திக் கொடுத்தேன்.

இனி தீபத்துக்குக் காரின் விளக்கு திண்ணையில்தான். உங்கள் ஷெட்டில் வாசம் வந்தால், தயவுசெய்து அதைப் பழமையின் மணம் என்று நினைத்துவிடாதீர்கள்.