பிரிவதற்கு முன் ஒரு பதிவு

எங்கள் நாகர்கோவில் பக்கம் சுடலைமாடன் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டும் உண்டு. கூட்டம் பார்ப்பது நடுவில் உட்கார்ந்து பாடும் அண்ணாவியைத்தான். வில்லோடு சேர்த்துக் கட்டிய மண்குடத்தை அடிப்பவரை யாரும் கவனிப்பதில்லை. என் அப்பா அப்படிக் குடம் அடித்தவர். அதனாலோ என்னவோ, எந்த இசையைக் கேட்டாலும் என் காது முதலில் பானைச் சத்தத்தைத் தேடும்.

அப்படித்தான் 'சக்தி' குழுவின் 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்' என்ற ஆல்பம் எனக்குப் பிடித்துப்போனது. 1977-ல் ஜெனீவாவில் பதிவானது. கிதார், இங்கிலாந்துக்காரரான ஜான் மெக்லாஃப்லின். தபேலா, ஜாகிர் உசேன். வயலின், யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எல்.சங்கர். கடம், நம்ம விக்கு விநாயக்ராம்.

1975-ல் நியூயார்க்கில் மேடையிலேயே பதிவான அவர்களின் முதல் ஆல்பத்தில் ஓர் இசை 18 நிமிடம் ஓடும். இன்னொன்று 29 நிமிடம். ஜெனீவாவிலோ எட்டு இசைகள், ஒன்றுகூட 8 நிமிடத்தைத் தாண்டவில்லை. அதில் ஒன்றின் தலைப்புக்கு 'சேர்ந்திருப்பதே மகிழ்ச்சி' என்று அர்த்தம். ஆனால், அந்த நால்வரும் சேர்ந்து செய்த கடைசி ஆல்பம் அதுதான். அதன்பின் குழு கலைந்துவிட்டது.

ஜப்பானின் 'ஹாப்பி எண்ட்' குழுவும் 1972-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் போய்க் கடைசி ஆல்பத்தைப் பதிவு செய்துவிட்டுத்தான் பிரிந்தது. குழுக்கள் பிரிவது உலக வழக்கம். பிரிவதற்குள் பதிவு செய்துகொண்டார்களா என்பதுதான் விஷயம்.

ஒருநாள் அப்பாவுக்கு அந்த ஆல்பத்தை போனில் போட்டுக் காட்டினேன். கடத்தை விரலால் வாசிப்பார்கள். எங்கள் குடத்தின் வாயில் மட்டையால் அடிப்பார்கள். இரண்டும் வேறு வித்தை. ஆனாலும் அப்பாவின் கை தானாகத் தொடையில் தாளம் போட்டது.

"இந்தப் பானை பேசுது மக்ளே. எங்க வச்சுப் பிடிச்சானுவ?"

"ஜெனீவாவுலப்பா. நீங்க அடிச்சது எதுலயாவது இருக்கா?"

"நம்மகிட்ட யாரு டேப்பு வச்சிருந்தா?"

அண்ணாவி இறந்தபிறகு அப்பாவின் குழுவும் கலைந்தது. ஒருவர் ரப்பர் தோட்ட வேலைக்குப் போனார், ஒருவர் வளைகுடாவுக்கு. எத்தனையோ கொடைகளில் விடிய விடியப் பாடியவர்கள். ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை.

சக்திக்கு மிச்சம் இருந்தது. 46 வருடம் கழித்து, 2023-ல் 'திஸ் மொமென்ட்' ஆல்பம் வந்தபோது விநாயக்ராமின் இடத்தில் தாளம் வாசித்தவர் அவர் மகன் செல்வகணேஷ். அடுத்த ஆண்டு அதற்கு கிராமி விருது கிடைத்தது. 2024 டிசம்பரில் ஜாகிர் உசேன் காலமானார். நல்லவேளை, அதற்குள் அந்த ஆல்பம் வந்துவிட்டது.

எங்களுக்கு ஜெனீவா எதற்கு? போன வாரம் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குடம் வாங்கிவந்து, ஃபேனை நிறுத்திவிட்டு, அப்பா முன்னால் போனை வைத்தேன். 11 நிமிடம் அடித்தார். நடுவில் ஒருமுறை இருமினார். பால்காரர் மணியும் கேட்கிறது. வெட்டாமல் அப்படியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

பெங்களூரில் இருக்கும் அக்கா மகன் உடனே கேட்டான்: "தாத்தா பாட்டும் பாடுவாரா?"

இந்த ஞாயிற்றுக்கிழமை அதையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.