விடுபட்ட உறுப்பு

சுழலும் பொருளொன்றின் இயக்கத்தைக் கணிக்க முனைவோர் முதலிலே தீர்மானிப்பது, எவற்றைக் கணக்கில் விட்டுவிடலாம் என்பதையேயாம். முற்றிலும் விறைப்பான பொருள் உலகில் எதுவுமில்லை. ஆயினும் நெகிழ்ச்சி, உராய்வு அனைத்தையும் சேர்த்தாற் சமன்பாடு தீர்வுக்கு அடங்காது. எனவே மாதிரியுரு அமைப்பதென்பது ஒருவகைத் துறவு எனலாம். எதைத் துறந்தோம் என்பதை மறக்கும்போதே அது மயக்கமாகின்றது. இயக்கவியல் வரலாற்றில் இதற்கு இரு சான்றுகள் உள.

கிளாஸ்கோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் றாங்கின் 1869இல் சுழல்தண்டுகளின் வளைவை ஆராய்ந்தார். தண்டு சற்று வளைந்ததும் மையநீக்க விசை அதனை வெளியே தள்ளும். தண்டின் மீள்தன்மை உள்ளே இழுக்கும். இவ்விரண்டும் சமமாகும் கதியே அவதிக் கதி. அதற்கு மேல் எத்தண்டும் நிலைத்துச் சுழலாது என்பது அவர் முடிவு. அவர் தண்டோடு சேர்ந்து சுழலும் மாட்டேற்றுச் சட்டத்தில் நின்று நோக்கினார். அச்சட்டத்தில் தோன்றவேண்டிய கொரியோலிஸ் விசையை மட்டும் சேர்த்தாரில்லை. கொரியோலிஸ் தம் ஆய்வை வெளியிட்டு அப்போது 34 ஆண்டுகள் கழிந்திருந்தன.

1880களின் இறுதியில் சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் டி லாவால், தமது நீராவிச் சுழலிக்குத் தடித்த தண்டை விடுத்து மெல்லிய, நெகிழும் தண்டைப் பொருத்தினார். நிமிடத்துக்கு ஏறத்தாழ 30,000 சுற்றுக்கள் சுழன்ற அச்சுழலி அவதிக் கதியை அதிர்வோடு தாண்டி, அப்பால் அமைதியாக ஓடியது. அக்கதிக்கு மேலே திணிவு மையம் சுழற்சி அச்சை நோக்கித் திரும்பி வருகின்றது. அதனைத் தாங்கி நிற்பது விடுபட்ட அவ்விசையே. 1895இல் பேப்பல் ஜெர்மன் மொழியிலும், 1919இல் ஜெப்கொட் ஆங்கிலத்திலும் இதனை நிறுவினர். பட்டறை கண்ட உண்மையைக் கணிதம் பின்னரே எட்டிப் பிடித்தது.

றாங்கின் நெகிழும் தண்டின்மீது நம்பிக்கை இழந்தார். அமெரிக்காவின் முதற் செய்மதியான எக்ஸ்புளோரர் 1 விடயத்திலோ நெகிழ்ச்சியே பொருட்படுத்தப்படவில்லை. 1958இல் ஏவப்பட்ட அது ஏறத்தாழ 2 மீற்றர் நீளமான மெல்லிய உருளை. நீள அச்சைப் பற்றியே அது சுழலவேண்டுமென எதிர்பார்க்கப்பட்டது. விறைப்பான பொருளாயின் அவ்வாறே சுழன்றிருக்கும். ஆனால் அதன் பக்கங்களில் வானலைத் தொடர்புக்கான நான்கு நெகிழும் கம்பிகள் இருந்தன. அவை வளைந்து நிமிரும்போதெல்லாம் சிறிதளவு சக்தி வெப்பமாகியது. கோண உந்தம் மாறாதிருக்கச் சக்தி மட்டும் குறையின், பொருள் தன் சடத்துவத் திருப்பம் மிகக் கூடிய அச்சையே இறுதியில் நாடும். சில மணித்தியாலங்களுள் செய்மதி, எறிந்த கோலைப்போலத் தலைகீழாகச் சுழலலாயிற்று.

முதற் சான்றில் விடுபட்டது பெரிய உறுப்பு. இரண்டாவதில் விடுபட்டது மிகச் சிறியது. ஆனால் அச்சிறிய இழப்பு ஒவ்வொரு சுற்றிலும் ஒரே திசையிற் சேர்ந்துகொண்டிருந்தது. ஆதலின் ஓர் உறுப்பைப் புறக்கணிக்குமுன் அது எவ்வளவு என்று கேட்பது போதாது. காலம் செல்லச் செல்ல அது என்ன செய்யும் என்றும் கேட்டல் வேண்டும். இன்றைய கணினிகள் பல்லாயிரம் மாறிகளை ஒருங்கே தீர்க்கவல்லன. எனினும், மனிதன் எழுதாதுவிட்ட உறுப்பைக் கணினி தானாகச் சேர்ப்பதில்லை. கரும்பலகையில் ஓர் உறுப்பை அழிக்கும் கை, அழித்ததன் காரணத்தையும் அருகே எழுதிவைப்பதே நேர்மையான கணிதமாகும்.