வேப்பெண்ணெயும் பச்சைக் குழந்தையும்

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் கொல்லை வேப்பமரம் பூத்துக் கொட்ட ஆரம்பித்துவிடும். ராத்திரியே பழைய வேஷ்டி ஒன்றை மரத்தடியில் விரித்து வைத்தால், விடிந்ததும் மண் ஒட்டாமல் பூவை அள்ளிக்கொள்ளலாம். புடைத்து, நாலு வெயில் காயவைத்து பாட்டிலில் போட்டால் வருஷம் பூராவும் வரும். சித்திரை முதல் நாள் பச்சடிக்கு மட்டும் புதுப் பூ. ரசத்துக்கு, பூவை நெய்யில் கருஞ்சிவப்பாக வறுத்து, இறக்கிய பிறகு போடுங்கள். முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கி, வீட்டு ஆண்கள் ரசத்தைத் தொடக்கூட மாட்டார்கள்!

அரிசிப் பானையில் இலை போடுகிறவர்கள் நிழலில் நன்றாக உலர்த்திப் போடவேண்டும். பச்சையாகப் போட்டால் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். வேப்பங்கொட்டையில் இருக்கும் அஸாடிராக்டின் என்ற பொருள் பூச்சிகளைத் தின்னவிடாமல் செய்கிறது. 1968-ல் அதைப் பிரித்தெடுத்தார்கள். வேப்பெண்ணெயால் பயிர்ப் பூஞ்சையைத் தடுக்கும் முறைக்கு 1994-ல் ஐரோப்பாவில் காப்புரிமையே கொடுத்துவிட்டார்கள். நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த சங்கதிக்கு! வந்தனா சிவா முதலானோர் எதிர்த்து வழக்காடி, 2000-ல் அது ரத்தாகி, 2005-ல் மேல்முறையீடும் தள்ளுபடியானது.

இத்தனை பெருமை உள்ள மரம்தான். ஆனாலும் இளம் தாய்மார்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பெண் பிரசவத்துக்கு வந்திருந்தாள். மூன்று மாதக் குழந்தைக்குச் சளி. அவளுடைய பாட்டி பாலாடையில் வேப்பெண்ணெயை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "பாட்டி, வேண்டாம்" என்றேன்.

"ஏண்டியம்மா, நாங்கள்லாம் இதைக் குடிச்சுதானே வளர்ந்தோம்?"

"வளர்ந்தவங்க இருந்து சொல்றோம் பாட்டி. வளராமப் போனது வந்து சொல்லுமா?"

பாட்டி கையை மடக்கிக்கொண்டார். கோபம்தான். இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். அன்று சாயங்காலமே குழந்தையை டாக்டரிடம் கொண்டுபோனார்கள்.

நான் பயந்ததற்குக் காரணம் உண்டு. வேப்பெண்ணெய் குடித்த மலேசியக் குழந்தைகளைப் பற்றி 1981-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் டாக்டர்கள் எழுதினார்கள். இந்தியாவிலும் இப்படி நடந்திருக்கிறது. குடித்த சில மணி நேரத்துக்குள் வாந்தி, தூக்க மயக்கம், மூச்சு வாங்குதல், பிறகு வலிப்பு. கல்லீரலும் மூளையும் பாதிக்கப்படுகின்றன. சளிக்கு என்று கொடுத்தது இப்படி முடிகிறது. 'கொஞ்சமாத்தானே' என்ற கணக்கு கைக்குழந்தையிடம் செல்லாது.

யாராவது கொடுத்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கொடுத்ததை மறைக்கவும் கூடாது. மாமியாரைக் காட்டிக்கொடுப்பதாகிவிடுமே என்று தயங்கும் பெண்கள் இருக்கிறார்கள்; டாக்டருக்குத் தெரிந்தால்தானே வைத்தியம் செய்ய முடியும்?

கர்ப்பிணிகளும் வேப்பெண்ணெய், கொழுந்துச் சாறு எதையும் உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம். அம்மை போட்ட குழந்தைக்கு நமைச்சலில் இலைக்கொத்தால் வருடிக் கொடுப்பது இதமாக இருக்கும். ஆனால் அது அம்மையைக் குணமாக்காது, டாக்டரும் பார்க்கத்தான் வேண்டும்.

வேப்பெண்ணெய் பாட்டிலை விளக்கெண்ணெய், ஓமவாட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள். அரைத் தூக்கத்தில் இருட்டில் தடவும் கைக்கு எல்லா பாட்டிலும் ஒன்றுதான். எங்கள் வீட்டில் அது கொல்லைப்புற மாடத்தில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.