செம்புள்ளி ஃபைண்டரின் கோளாறுகள்

தொடக்கநிலைத் தொலைநோக்கி வாங்கிய பலர், அதில் எதுவும் அகப்படவில்லை என்று சலித்துச் சில வாரங்களிலேயே கருவியைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். லென்ஸின் தரத்தைக் குறை கூறுவது எளிது. ஆனால் அத்தகைய கருவிகளைக் கையில் எடுத்துப் பார்த்தால், குழலின் மேல் அமர்ந்திருக்கும் சிறிய செம்புள்ளி ஃபைண்டர் சரியாக ஒத்திசைக்கப்படாமல் இருப்பதே பெரும்பாலும் தெரியவருகிறது. 700 மி.மீ. குவியத் தொலைவுடைய தொலைநோக்கியில் 25 மி.மீ. கண்ணருகு லென்ஸைப் பொருத்தினால் 28 மடங்கு உருப்பெருக்கமும் 2 பாகைக்குச் சற்றே குறைந்த பார்வைப் பரப்பும் கிடைக்கும், 10 மி.மீ. லென்ஸுக்கு மாறினால் அந்தப் பரப்பு முக்கால் பாகைக்கும் கீழே இறங்கிவிடும். முழுநிலவின் அகலமே அரைப் பாகைதான் என்பதால், குழல் எங்கே நோக்குகிறது என்பதை உறுதியாகச் சொல்லும் துணைக்கருவி இல்லாமல் வியாழனைக்கூடப் பிடிப்பது அரிது.

இந்த ஃபைண்டரில் உருப்பெருக்கம் இல்லை. பார்ப்பவர் பக்கத்தில் உள்ள ஒரு சிறு எல்.இ.டி., முன்னால் நிற்கும் வளைந்த கண்ணாடியின் குவியத்தில் வைக்கப்பட்டிருக்கும். கண்ணாடி அந்தச் சிவப்பு ஒளியை இணைகதிர்களாகத் திருப்பியனுப்பி, வானத்து ஒளியைத் தன்னூடே கடக்க விடுவதால், புள்ளி விண்மீன்களுக்கு நடுவே வெகுதொலைவில் மிதப்பதுபோல் தோன்றும். கண் சற்று விலகினாலும் புள்ளி சுட்டும் திசை ஏறக்குறைய மாறுவதில்லை. டப்ளினில் தொலைநோக்கிகள் செய்துவந்த ஹோவர்ட் கிரப் 1900-இல் துப்பாக்கிகளுக்கென வகுத்த குறிநோக்கியின் தத்துவமே இது.

புள்ளியே தெரியாதபோது முதலில் ஐயுற வேண்டியது மின்னிணைப்பை. புதிய ஃபைண்டரில் செல்லுக்கும் தொடுதகட்டுக்கும் இடையே செருகப்பட்ட பிளாஸ்டிக் துண்டை உருவாமலே விட்டிருப்பார்கள். அல்லது முந்தைய இரவில் அணைக்க மறந்ததால் சி.ஆர். 2032 பட்டன் செல் தீர்ந்திருக்கும். செல்லை மாற்றியும் பயனில்லையென்றால் தொடுதகட்டைப் பார்க்க வேண்டும்; கடற்கரையோர ஊர்களில் அது உப்புக்காற்றால் களிம்பேறிவிடுவதுண்டு, பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்தாலே சரியாகிவிடும். (கழற்றிய செல்லைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைப்பது கட்டாயம், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.) ஃபைண்டரை முன்பின்னாக மாட்டியிருந்தால், எல்.இ.டி. எரிந்துகொண்டிருந்தும் புள்ளி கண்ணுக்கு வராது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் சில நிமிட வேலை. உண்மையான சிக்கல், புள்ளி நன்றாக எரிந்தும் அது காட்டும் விண்மீன் தொலைநோக்கியில் இல்லாதபோதுதான் தொடங்குகிறது. இதற்குத் தீர்வு வேலையின் வரிசையில் இருக்கிறது: முதலில் ஃபைண்டரை அறவே மறந்துவிட்டு, குறைந்த உருப்பெருக்கம் தரும் லென்ஸின் வழியாகத் தொலைவிலுள்ள ஒரு பொருளைப் பார்வைப் பரப்பின் நடுவில் நிறுத்தி, தாங்கியின் பூட்டுகளை முடுக்கிய பிறகு, குழலை அசைக்காமல் ஃபைண்டரின் இரண்டு திருகுகளை மட்டும் திருப்பிப் புள்ளியை அதே பொருளின் மேல் கொண்டுவர வேண்டும். பின்னர் 10 மி.மீ. லென்ஸை மாட்டி இதையே ஒருமுறை நுணுக்கமாகச் செய்தால் போதும். புதியவர்களில் பலர் புள்ளியைப் பொருளின் மேல் வைத்துவிட்டுக் குழலுக்குள் தேடுகிறார்கள். ஒத்திசைவு இல்லாத நிலையில் அந்தத் தேடலுக்கு முடிவே இல்லை.

தேர்ந்தெடுக்கும் பொருளின் தொலைவும் முக்கியம். ஃபைண்டரின் பார்வைக்கோடு குழலின் அச்சுக்கு ஏறத்தாழ 10 செ.மீ. மேலே செல்வதாகக் கொண்டால், 10 மீட்டரில் உள்ள எதிர்வீட்டுச் சுவரில் இரண்டையும் ஒன்றுசேர்ப்பவர் வானத்தில் அரைப் பாகைக்கும் மேலான பிழையை உண்டாக்கிவிடுகிறார். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் அந்தப் பிழை பொருட்படுத்தத் தக்கதன்று. கைபேசிக் கோபுரத்தின் உச்சி விளக்கு இதற்கு மிகவும் ஏற்றது. நடுப்பகலில் புள்ளி வெளிச்சத்தில் கரைந்துவிடும் என்பதாலும், சூரியன் இருக்கும் திசைப் பக்கம் குழல் தவறியும் திரும்பக் கூடாது என்பதாலும், சூரியன் மறைந்தபின் வரும் அந்திப்பொழுதே நல்ல நேரம். விண்மீனைக் கொண்டு சரிசெய்ய முனைந்தால், வானம் மணிக்கு 15 பாகை நகர்வதால், 10 மி.மீ. லென்ஸின் நடுவில் நிறுத்திய விண்மீன் ஒன்றரை நிமிடத்துக்குள் ஓரத்தைத் தாண்டிவிடலாம். துருவ விண்மீன் நகர்வது தெரியாதுதான். ஆனால் அது சென்னையில் 13 பாகை, கன்னியாகுமரியில் 8 பாகை உயரத்திலேயே நிற்பதால், கட்டடங்களும் தூசிப்படலமும் அதை மறைத்துவிடுகின்றன.

திருகை முழுவதும் திருப்பியும் புள்ளி பொருளை எட்டவில்லையென்றால், ஃபைண்டரின் அடிப்பீடமே கோணலாக அமர்ந்திருக்கிறது என்று பொருள். திருகை வலிந்து முடுக்கினால் பிளாஸ்டிக் மரை கெட்டுவிடும் என்பதால், கனத்த அட்டைத் துண்டொன்றைப் பீடத்தின் அடியில் ஒரு பக்கமாகச் செருகி நிமிர்த்துவதே தக்கது. நேற்று சரியாக இருந்தது இன்று விலகியிருந்தால், புள்ளியைத் தொலைவிளக்கின் மேல் நிறுத்தி, ஃபைண்டரின் உடலை விரல்நுனியால் இலேசாக அழுத்திவிட்டு எடுத்துப் பார்க்கலாம். விலகிய புள்ளி விளக்குக்கே திரும்பி வந்தால் பிடிப்பு உறுதியாக உள்ளது. வராவிட்டால் பீடத்தின் திருகு தளர்ந்திருக்கிறது. ஃபைண்டரையே கைப்பிடியாகப் பற்றிக் குழலைத் திருப்பும் பழக்கம் இந்தத் தளர்ச்சியை விரைவில் கொண்டுவருகிறது.

புள்ளி சிதறியோ இரட்டையாகவோ தெரிந்தால், தலையை ஒருபுறம் சாய்த்துப் பார்க்க வேண்டும்: சிதறலின் வடிவமும் கூடவே சுழன்றால் குறை கண்ணில், சுழலாவிட்டால் கருவியில். கண்ணின் குறையாயின், தொலைப்பார்வைக்கான மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டால் பெரும்பாலும் தீரும். புள்ளியின் ஒளியை அது தெரியும் அளவுக்கு மட்டும் குறைத்து வைப்பது நல்லது. மிகுந்தால் மங்கலான விண்மீன்கள் அதன் பின்னே மறைந்துபோகும். மார்கழிப் பனியில் கண்ணாடி வேர்த்தால் மேல்பூச்சு உரிய அழுத்தித் துடைக்கலாகாது; மென்துணியால் ஒற்றியெடுத்தால் போதும். வடகிழக்குப் பருவமழையில் வாரக்கணக்காக வானம் மூடியிருக்கும் நாட்களில், செல்லைக் கழற்றித் தனியே வைத்துவிட வேண்டும். கசிந்த செல் தொடுதகட்டை அரித்துவிட்டால், அதன் பிறகு ரப்பர் உதவாது.